அம்பு நகரவில்லை

கம்ப்யூட்டர் திரையில் அம்பு நின்ற அதே நொடியில் அடுப்படியில் கத்திச் சத்தமும் நின்றது.

ஃபிட்டர் அதை அன்றுதான் கவனித்தார். மூன்று நாளாக அந்தக் கம்ப்யூட்டர் நினைத்த நேரத்தில் உறைந்துபோய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி அதில்தான் வேலை பார்த்தாள். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக அடித்துத் தருகிற வேலை. முப்பது வருடம் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டி, இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்த மனுஷனுக்கு, போயும் போயும் ஒரு தகர டப்பா தண்ணி காட்டுவது மானப் பிரச்சினையாகிவிட்டது.

ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சினன் போனிலேயே வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய ஃபைலை அழித்துப் பார்க்கச் சொன்னான், மவுஸை மாற்றிப் பார்க்கச் சொன்னான், மவுஸ் ஒயரை உருவிக் குத்தச் சொன்னான். "மாமா, சுத்தியல மட்டும் எடுத்துடாதீங்க, அது உங்க பிரஸ் இல்ல" என்று முதல் நாளே கும்பிடு போட்டுவிட்டான். அவர் எடுக்கவில்லை. ஷாப்பில் பழகியபடி ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். செய்துவிட்டு ஓடவிடுவார். நின்றால், எத்தனை நிமிடம் நின்றது என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பார். நான்கு. ஏழு. பதினொன்று.

மழை வரப்போகிற மத்தியானம். ஜன்னலைச் சாத்திய அறையில் சூடேறிய பிளாஸ்டிக் வாசமும் பழைய தூசியின் கருகலும் மூக்கில் ஏற, தலைக்கு மேலே ஃபேன் கறக் கறக்கென்று இழுத்துக்கொண்டிருக்க, அதற்குத் தாளம் போட்டதுபோல அடுப்படியில் அவள் காரட் நறுக்கும் சத்தம் டக், டக், டக்கென்று இத்தனை நேரமும் வந்துகொண்டிருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. குழாய் சொட்டுவது கேட்டது. தெருவில் யாரோ ஷட்டரை இறக்குவது கேட்டது. கத்தி மட்டும் கேட்கவில்லை.

"ஏம்மா?"

எழுந்து போனார்.

அவள் முதுகைக் காட்டி நின்றாள். கத்தி காரட்டில் பாதி இறங்கி நின்றது. ஏதோ யோசனை என்று நினைத்து முன்னால் சுற்றி வந்தார். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. தோளைத் தொட்டால் சூடு இருந்தது, அசைவு இல்லை. கத்தியை வாங்கப் பார்த்தார். பட்டறை வைஸ் கிடுக்கியில் கவ்வின மாதிரி விரல்கள் விடவில்லை. உலுக்கினார். முழு உடம்பும் ஒரே பலகையாகச் சாய்ந்தது. பதறி அணைத்து, சாய்ந்ததை நிமிர்த்தி வைத்தார். ஷாப்பில் கரண்ட் அடித்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். இவளை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவதென்று தெரியவில்லை.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கன்னத்தைத் தட்டினார், முகத்தில் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் திறந்த கண்ணிலேயே விழுந்து வழிந்தது.

முன்னறையில் கம்ப்யூட்டர் டிங் என்றது. கத்தி பலகையில் இறங்கியது. டக்.

பதினாறு நிமிடம்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைக்கவில்லை.

"பாத்துட்டீங்களா?"

மூன்று நாளாக இப்படித்தானாம். சொன்னால் பைத்தியம் என்பார் என்று மூடி வைத்திருந்தாளாம். வலிக்கிறதா என்று கேட்டார்.

"வலி இல்லைங்க. எல்லாம் தெரியுது, எல்லாம் கேக்குது. நீங்க கூப்பிட்டதும் கேட்டுச்சு. உள்ள இருந்து கத்துறேன், வாய் திறக்கமாட்டேங்குது." காதைத் தேய்த்துக்கொண்டாள். "உள்ள நான் மட்டும் இல்லைங்க. யாரோ மூச்சு விடுறாங்க. முதல்ல எங்கயோ தூரத்துல இருந்துச்சு. இப்ப என் காது பக்கத்துல கேக்குது. இன்னும் ஒரு தடவைன்னா நான் தாங்க மாட்டேன்."

அவர் சுத்தியலைத்தான் தேடினார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உடைச்சா நான் வெளிய இருப்பேனா, உள்ளயே கிடப்பேனான்னு உங்களுக்குத் தெரியுமா? அது ஓடுறப்பதான் நான் நானா இருக்கேன். மூணு நாளா அத அணைக்கக்கூட இல்ல. பயம். நீங்களும் அணைக்கக் கூடாது."

அணைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

மச்சினனைக் கூப்பிட்டு அணைக்காமல் சரிசெய்ய வழி உண்டா என்று மட்டும் கேட்டார். உண்டு என்றான். பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி ஃபேன் தெரியுமாம். அது தூசி அடைத்து நின்றால் சூடேறி எல்லாம் உறைந்துபோகுமாம். சிக்கினதை உருவிவிட்டால் போதும், அணைக்கவே வேண்டாம், ஐந்து நிமிட வேலை. "மாமா, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? அக்கா திட்டுச்சா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மேஜைக்கு அடியில் மண்டியிட்டார். அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். வெளிச்சம் ஆடியது. "ஆட்டாதம்மா" என்றார். "நான் எங்க ஆட்டுறேன், கைதான் ஆடுது" என்றாள். மூன்று நாளில் முதல் முறையாக அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. நான்கு திருகு. ஒன்று, இரண்டு, மூன்று கழன்றன. நாலாவது அடம்பிடித்துக் கழன்றது. மூடி கையோடு வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் அடைந்த தூசிக்கு நடுவே குட்டி ஃபேன் தட்டுத்தடுமாறிச் சுற்றிக்கொண்டிருந்தது. இறக்கையில் ஒரு கற்றை. இவ்வளவுதான். இந்தத் தூசிக்கா இத்தனை பாடு?

கையை நீட்டினார்.

குட்டி ஃபேன் நின்றது.

டார்ச் வெளிச்சம் ஆடவில்லை.

திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சீக்கிரம். கற்றையை உருவு. ஓடவிடு. ஓடினால் அவள் வந்துவிடுவாள்.

ஆனால் நின்றுபோன எந்திரம்தான் கையைத் தின்னும் என்பது பிரஸ் ஷாப்பில் சேர்ந்த முதல் நாள் காதில் ஏற்றுகிற பாடம். அவருடைய இரண்டு விரலும் அப்படி நின்றுபோன பிரஸ்ஸில்தான் போயின. மெயின் சுவிட்சை இறக்காமல் உள்ளே கை விடாதே. அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் அதைத் தவறவிட்டதில்லை. தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் வலது கை போவதற்கு முன்னால் இடது கை சுவிட்சுக்குப் போய்விடும்.

போனது.

டொக்.

சத்தம் கேட்ட பிறகுதான் கை செய்த காரியம் புத்திக்கு எட்டியது.

திரை கறுத்தது. அறையில் இத்தனை நாளாக இருந்த ரீங்காரம் அறுந்தது. உடனே போட்டார். ஒன்றும் இல்லை. கற்றையைப் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி போட்டார். ஒன்றும் இல்லை. ஒயரை உருவிக் குத்தினார். போட்டார்.

குட்டி ஃபேன் ஒருமுறை உதறியது. சுற்றியது.

"வந்துட்டியாம்மா?"

திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

சரிசெய்யப்படுகிறது. 0 சதவீதம். அணைக்க வேண்டாம்.

பார்த்துக்கொண்டே இருந்தார். பூஜ்யம் மாறவில்லை. மழை பிடித்தது. ஜன்னல் இருட்டியது. பூஜ்யம்.

எழுந்தார். டார்ச்சைப் பிடித்த கை நீட்டியபடி இருந்தது. கண் திறந்திருந்தது. உதட்டில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

உயிர் இருக்கிறதா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

அவள் முகத்தோடு காதை ஒட்டிவைத்தார். மூச்சு கேட்டது. மெல்ல, பயந்த பிள்ளையின் மூச்சுபோல விட்டுவிட்டு, அவள் மூக்கின் வழியே உள்ளே போனது. இருக்கிறாள்.

அது உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே, பாதி திறந்த அவள் வாயிலிருந்து இன்னொரு மூச்சு, நீளமாக, அவசரமே இல்லாமல், அவர் காதுக்குள் வெளியேறியது.