ஒன்று புள்ளி நான்கு லிட்டர் வியர்வை

காலை 10.10. டயட்டீஷியனின் பாடத்திட்டம் திருட்டுப் போயிருப்பது அங்கீகாரக் குழுவின் அலுவலகத்தில் தெரியவந்தது. காகிதம் பத்திரமாகத்தான் இருந்தது. அதிலிருந்த இரண்டு வருட உழைப்புதான் கைமாறியிருந்தது. விளையாட்டு வீரர்களுக்கு உணவு ஆலோசனை சொல்பவர்களைத் தயார்செய்யும் அதே பாடத்தை, வரிக்கு வரி, வேறொரு நிறுவனம் மூன்று நாள் முன்பே அங்கீகாரத்துக்குக் கொடுத்திருந்தது.

மாலைக்குள் அது தன்னுடையது என்று டயட்டீஷியன் நிரூபிக்காவிட்டால், அவளிடம் படிக்கும் இருபத்தாறு பேரின் சான்றிதழ் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும்.

குழுவின் ஆய்வாளருக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். எல்லாரையும் எடைபோடுவார், அவர் முகத்தை வைத்து அவரை எடைபோட முடியாது. பிரதி யார் யாரிடம் இருந்தது என்று கேட்டார். தட்டச்சு செய்த பெண், கணவர், சோதனைகளுக்கு வீரர்களை ஓடவைக்கும் கோச் என்றாள். கோச் கூடப்பிறக்காத அண்ணன், அவரை விட்டுவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவள் சந்தேகமெல்லாம் தட்டச்சுப் பெண் மேல்.

11.25. தராசு இரண்டு கோப்புகளிலும் வியர்வைச் சோதனைப் பக்கத்தை விரித்தார். ஓட்டக்காரரின் எடை ஓடுமுன் அறுபத்திரண்டு கிலோ, ஓடியபின் அறுபத்தொன்று. இழந்த வியர்வை அவள் கோப்பில் ஒரு லிட்டர். மற்றதில் ஒன்று புள்ளி நான்கு.

"காப்பியடிக்கக்கூடத் துப்பில்ல," என்றாள்.

தராசு சிரிக்கவில்லை. சோதனையன்று அவள் எங்கே நின்றாள் என்று மட்டும் விசாரித்தார். எடை பார்க்கும் அறையில். மைதானத்தில்? கோச் மட்டும்.

12.40. கோச் வந்தார். தங்கச்சி கொடுத்த பிரதியைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை என்று வருத்தப்பட்டார்.

"ஓட்டத்துக்கு நடுவுல தண்ணி குடுத்தீங்களா?" என்றார் தராசு.

"குடுக்காம? நானூறு மில்லி. அளந்துதான் குடுப்பேன் சார்."

தராசு கோப்பை அவர் பக்கம் திருப்பினார். "எடை குறைஞ்சதோட, நடுவுல குடிச்ச தண்ணியையும் கூட்டினாத்தான் கணக்கு சரி. இந்த அம்மாவுக்கு அந்தத் தண்ணி விஷயமே தெரியாது, விட்டுட்டாங்க. திருட்டுக் கோப்புல மட்டும் சரியா இருக்கு. தப்பைப் பார்த்ததும் உங்க கை சும்மா இருக்கல."

கோச் நாற்காலியில் சரிந்தார். நன்றி சொல்லும் பக்கத்தில் தன்னைக் கடைசி வரியில் தள்ளிவிட்டாள், அந்த நிறுவனத்தார் அட்டையிலேயே பெயர் போடுவதாகச் சொன்னார்கள் என்று முணுமுணுத்தார்.

அவளுக்கு அது காதில் ஏறவில்லை.

"தப்பைப் பார்த்தீங்களே அண்ணே. எங்கிட்ட சொல்லாம அவங்களுக்குத் திருத்திக் குடுத்தீங்களா?"

தராசு புகார்ப் படிவத்தை நீட்டினார். இனிஷியலோடு கோச்சின் முழுப் பெயரை எழுதினாள். 'உறவு' என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

இல்லை, என்று எழுதினாள்.