புஷ்பவல்லிக்கு விழாத ஓட்டு

விசாலாக்ஷியின் வீட்டு டிரைவ்வேயில் பாதியும் புல்வெளியில் பாதியுமாகக் காரை நிறுத்திவிட்டு புஷ்பவல்லி இறங்கி வந்தபோதே, இது காபி குடிக்க வந்த வருகை அல்ல என்று சபரிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வந்தவள் உட்காரக்கூட இல்லை.

“அக்கா, என் ஆளுங்களே என்னைக் காட்டிக் கொடுத்துட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியணும். சனிக்கிழமைக்குள்ள தெரியணும்,” என்றாள்.

விசாலாக்ஷி ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கார் விபத்துகளை விசாரிக்கிறவர். ஐம்பது வயது, குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தமிழ்ச் சங்கத்து மைக் செட் காணாமல் போனபோது, நாலே கேள்வி கேட்டு அது யார் வீட்டு கராஜில் இருக்கிறது என்று சொன்னவர். அன்றிலிருந்து அமெரிக்காவின் பிளானோ நகரில் யாருக்கு என்ன குழப்பம் வந்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். சபரி அவருடன் தினமும் ஒரே காரில் லெகஸி அலுவலக வட்டாரத்துக்கு வேலைக்குப் போய்வருகிற ப்ரோகிராமர். யாரும் நியமிக்காமலே அவருக்கு உதவியாளன் ஆகிவிட்டவன்.

“முதல்ல உட்காருங்க. நடந்ததை அப்படியே சொல்லுங்க,” என்றார் விசாலாக்ஷி.

புஷ்பவல்லி சொன்னாள். அது 1996, மார்ச் மாதம். கட்சிக்குள் நடக்கும் முதற்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள், அன்று மாலை அதே பள்ளிக்கூடத்தில் நடக்கும் வட்டக் கூட்டத்துக்கு வரலாம். மாவட்ட மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளை அங்கேதான் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டப்படி எல்லோருக்கும் உரிமை. நடைமுறையில், வட்டத் தலைவர் ஹார்லன் ப்ரூவிட்டும் அவருடைய ஐந்து நண்பர்களும் வருவார்கள், தங்கள் பெயர்களையே எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பல வருஷமாக இதுதான் வழக்கம்.

“ஆறு பேர் ஒரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள, இந்த வட்டத்துல இருக்கற அத்தனை பேருக்கும் முடிவு பண்ணிடறாங்க. எங்க தெருவுல ஸ்கூல் பஸ் நிக்கறதில்லைன்னு நான் அந்த ஆள்கிட்ட நாலு தடவை போனேன். ‘மாநாட்டுல சொல்லுங்க மேடம்’ங்கறார். மாநாட்டுக்கு எப்படிப் போறதுன்னு கேட்டா சிரிக்கறார். சரி, நானே போறேன்னுதான் இறங்கினேன்.”

அவள் இறங்கிய விதம் சபரிக்குத் தெரியும். புதிதாகக் குடியுரிமை வாங்கிய தமிழர் வீடு ஒன்றையும் அவள் விடவில்லை. குழந்தைகள் டேகேரில் தன் வேலை முடிந்ததும் கையில் ஒரு டப்பா முறுக்குடன் கிளம்பி, வேண்டாம் என்றவர்களையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். கூட்டத்தன்று கொட்டுகிற மழையில் இருபத்து நாலு பேரைக் கொண்டுவந்து அந்தப் பள்ளி நூலகத்தில் உட்கார வைத்தாள். தனக்கு அந்தக் குடியுரிமை கிடைக்க இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ என்று ஏங்கிக்கொண்டிருந்த சபரிக்கு, அவள்மேல் அளவில்லாத மதிப்பு.

“அவங்க ஆறு பேர், நாங்க இருபத்து நாலு. எப்படி அக்கா தோத்தோம்?”

“ஓட்டு எப்படி எடுத்தாங்க?”

“ஆதரிக்கறவங்க எழுந்து நிக்கணும். அந்த மாதிரி ரெண்டு மூணு எடுத்தார். மனுஷன் வாய்க்குள்ளயே பேசுவார். கடைசில பிரதிநிதிகள் பேரைப் படிச்சார், எல்லாம் அவரோட ஆளுங்க. என்னன்னு கேட்டா, ‘உங்க ஆளுங்கதான் எழுந்து நின்னாங்க’ங்கறார். ஒவ்வொருத்தரையா கேட்டுட்டேன். சத்தியமா நான் எழுந்திருக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க.”

“நீங்க எழுந்தீங்களா?”

“நானா? எனக்கு எதிரா நானே ஓட்டுப் போடுவேனா?”

விசாலாக்ஷி தலையசைத்தார். “கூட்டத்துக்கு நடுவுல யாராவது வந்தாங்களா, போனாங்களா?”

“ஞானேஸ்வரன் அங்கிள் மட்டும் லேட்டா வந்தார். நான்தான் ஓடிப்போய் மழைக்கோட்டை வாங்கினேன். எங்க கோட்டெல்லாம் சொட்டச் சொட்ட கிடந்துச்சு. அங்கிளோடது மட்டும் நல்லா காய்ஞ்சிருந்ததால நாற்காலி மேலயே போட்டேன்.”

டாக்டர் ஞானேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதை எட்டப்போகிறவர், இன்னமும் தன் காரைத் தானே ஓட்டுகிறவர். பிளானோவில் கால் வைத்த தமிழர்களில் பாதிப் பேரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தவர் அவர்தான். அவர் வீட்டு மாடி அறையில் தங்காமல் வாடகை வீடு பார்த்தவர்கள் குறைவு.

“யார்மேல சந்தேகம்?” என்று சபரி பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

புஷ்பவல்லி குரலைத் தாழ்த்தினாள். “மளிகைக் கடை கோபாலசாமி அண்ணன். அவர் சொன்னா கேக்கறதுக்குப் பத்துப் பேர் இருக்காங்க. கூட்டத்துக்கு முதல் நாள் ப்ரூவிட் அவர் கடையில உட்கார்ந்து டீ குடிச்சிருக்கார். கடை வாசல்ல போர்டு வைக்கறதுக்கு ரொம்ப நாளா கிடைக்காத பர்மிட் அடுத்த வாரமே கிடைச்சிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? இந்த ஆளுக்கு, ப்ரூவிட்டுக்கு, பொங்கல் விழாவுல பொன்னாடை போர்த்தி முன்வரிசைல உட்கார வெச்சோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்.”

சனிக்கிழமை காலை மாநாடு. அங்கே புகார் கேட்க ஒரு கமிட்டி உண்டு. நடந்ததை நிரூபித்தால் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் அடுத்த தேர்தல்வரை ப்ரூவிட் ராஜ்ஜியம்தான். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருந்தது. அந்த இருபத்து நாலு பேரும் இப்போது ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

மறுநாள் மாலை இருவரும் கோபாலசாமியின் மளிகைக் கடைக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை நெருங்கினால் கறிவேப்பிலைக்கு முண்டியடிக்கிற கடை, ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. கல்லாவில் கோபாலசாமியின் மனைவி ராமாத்தாள் அழுது வீங்கிய கண்களுடன் உட்கார்ந்திருந்தாள்.

“ஊர் வாயை மூட உலைமூடி இல்லைங்க,” என்றார் கோபாலசாமி. “பர்மிட்டுக்கு ஒன்றரை வருசமா அலையறேன். அது வர்ற நேரத்துலதான் வருமுங்க. அந்த ப்ரூவிட் வந்தாரு, டீ குடிச்சாரு. டாக்டர் கூட்டத்துக்கு வருவாரான்னு கேட்டாரு. அவரு எங்கயும் எல்லாருக்கும் முன்னாடி வந்துருவாருன்னு சொன்னேன். அவ்வளவுதானுங்க பேச்சு.”

வெளியே வந்ததும் சபரி, “டாக்டரைப் பத்திக் கேக்கவா அவ்வளவு தூரம் வந்தார்? பொய் சொல்லக்கூடத் தெரியல அக்கா இவருக்கு,” என்றான்.

“பொய் சொல்லத் தெரியாதவர்தான்,” என்று மட்டும் சொன்னார் விசாலாக்ஷி.

அடுத்து மிஸஸ் டாரதி ஹேய்ஸ். புஷ்பவல்லியின் பக்கத்து வீட்டு அம்மாள், ஓய்வு பெற்ற ஆசிரியை. ப்ரூவிட் கூட்டத்து ஆறு பேரிலும் தமிழர் இருபத்து நாலு பேரிலும் சேராத ஒரே ஆளாக அன்று கூட்டத்துக்கு வந்திருந்தவர். அவர் வருத்தத்துடன் பேசினார்.

“நான் புஷ்பாவுக்காகத்தான் அந்த மழையில் வந்தேன். ப்ரூவிட் தன் பட்டியலை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். பார்த்தால் அறையே எழுந்துவிட்டது. நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தேன். புஷ்பாகூட எழுந்து கதவுப்பக்கம் போனாள். ஏதோ சமரசம் ஆகிவிட்டது போலிருக்கிறது, கிழவிக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.”

காரில் ஏறியதும் சபரி உதட்டைப் பிதுக்கினான். “பாவம், வயசாயிடுச்சு. எல்லாரும் எழுந்தாங்களாம், புஷ்பாக்காவும் எழுந்தாங்களாம். இந்தச் சாட்சியை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?”

“சபரி, நான் இருபது வருஷமா ஆக்ஸிடென்ட் பார்க்கறேன். மோதின ரெண்டு பேரும் நான் சரியாத்தான் வந்தேன்னு சொல்லுவாங்க. பல தடவை ரெண்டு பேர் சொல்றதும் நிஜமாவே இருக்கும். ஆனா கார் நசுங்கித்தானே இருக்கு? ரெண்டு நிஜமும் எந்த இடத்துல மோதிச்சுன்னுதான் பார்க்கணும்.”

அன்று வீட்டுக்குப் போனதும் அவர் டாக்டருக்கு ஒரு போன் செய்தார். என்ன பேசினார் என்று சபரிக்குச் சொல்லவில்லை. சபரிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை புஷ்பவல்லியின் வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். மிஸஸ் ஹேய்ஸ் வந்திருந்தார். இட்லி சாம்பார் என்றதும் ப்ரூவிட்டும் வந்துவிட்டார். எந்த அழைப்பையும் தட்டாத அரசியல்வாதி அவர். கோபாலசாமியும் ராமாத்தாளும் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அதைப் பார்க்கச் சபரிக்கே கஷ்டமாக இருந்தது.

விசாலாக்ஷி கையில் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் முன்னால் வந்து நின்றார். சமையல் குறிப்பு சொல்வதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாத ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், நாற்காலிகள் எப்படிப் போட்டிருந்தது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். பிறகு அதே குரலில், “கோபாலசாமிதான் நம்மைக் காட்டிக் கொடுத்தவர் என்று நினைப்பவர்கள் எழுந்து நிற்கலாம்,” என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசற்கதவு திறந்தது. டாக்டர் ஞானேஸ்வரன் உள்ளே வந்தார்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஹால் முழுக்க எழுந்து நின்றது. சபரியும் நின்றான். புஷ்பவல்லி வாசலை நோக்கி இரண்டடி போய்விட்டாள்.

“தீர்மானம் நிறைவேறியது,” என்றார் விசாலாக்ஷி. “கோபாலசாமி அண்ணா, நீங்களும் எழுந்துட்டீங்க.”

கோபாலசாமி குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அவருக்கு எதிராக அவரே நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். மிஸஸ் ஹேய்ஸ் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ப்ரூவிட்டின் முகம் வெளுத்திருந்தது.

“எல்லாரும் உட்காருங்க,” என்று தமிழுக்கு மாறினார் விசாலாக்ஷி. “சபரி, இப்ப யாராவது உன்னை ஓட்டுப் போட எழுந்தியான்னு கேட்டா என்ன சொல்லுவே?”

“இல்லேன்னுதான் சொல்லுவேன். அங்கிளைப் பார்த்து எழுந்ததை யார் கணக்குல வெப்பாங்க?”

“அதேதான். இருபத்து நாலு பேரும் நிஜத்தைச் சொன்னாங்க. மிஸஸ் ஹேய்ஸும் நிஜத்தைச் சொன்னாங்க. அவங்களுக்கு அங்கிளைத் தெரியாது, அதனால ப்ரூவிட் கேட்ட கேள்வி காதுல விழுந்தது அவங்க ஒருத்தருக்குத்தான். நம்ம ஆளுங்க எல்லாரும் பின்னாடி வாசலைத் திரும்பிப் பார்த்துட்டிருந்தாங்க.”

“தற்செயலா நடந்திருக்கலாமே,” என்றான் சபரி.

“நானும் அப்படித்தான் நினைச்சேன், மழைக்கோட்டு மட்டும் இடிச்சுது. வெளியில கொட்டுது. அப்பதான் கார்ல வந்து இறங்கினவரோட கோட்டு எப்படிக் காய்ஞ்சிருக்கும்? அவர் ரொம்ப நேரமா உள்ளேயே இருந்திருக்கணும். லேட்டா வர்ற பழக்கம் அவருக்கு இல்லைன்னு கோபாலசாமி அண்ணனே சொன்னார். அதை யார்கிட்ட முதல்ல சொன்னார்? ப்ரூவிட்கிட்ட. அதைக் கேக்கறதுக்காகத்தான் அவர் டீ குடிக்கவே வந்தார். பொங்கல் விழாவுல முன்வரிசைல உட்கார்ந்து, அங்கிள் உள்ளே வந்தப்ப மண்டபமே எழுந்ததைக் கண்ணால பார்த்தவராச்சே.”

டாக்டர் நின்ற இடத்திலேயே பேசினார். “நான் எல்லாருக்கும் முதல் வந்திட்டன் பிள்ளையள். இந்த ப்ரூவிட்டுடைய ஆள் ஒருவர், ‘இருங்கோ டொக்டர், உங்களை மரியாதையாக் கூப்பிடுறம்’ எண்டு ஆபீஸ் அறையில இருத்திக் கோப்பி தந்தவர். பிறகு அவரே கதவைத் திறந்து விட்டவர். மரியாதை எண்டுதான் நானும் நம்பினனான்.”

விசாலாக்ஷி அத்தனையையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்து, ப்ரூவிட்டின் பக்கம் திரும்பினார். ப்ரூவிட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“நான் பொய் எதுவும் சொல்லவில்லை மேடம். அவர்கள் எழுந்து நின்றார்கள்,” என்றார்.

“உண்மைதான். நாளைக் காலை கமிட்டி முன்னால் இதே காட்சியை நாங்கள் இன்னொரு முறை நடத்திக் காட்டுகிறோம். நீங்களே முன்னின்று கேள்வியைக் கேட்கிறீர்களா?”

ப்ரூவிட் அதை விரும்பவில்லை. புஷ்பவல்லியின் புகாரை எதிர்க்கப்போவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இட்லியைத் தொடாமலே கிளம்பிவிட்டார்.

மறுநாள் கமிட்டி புஷ்பவல்லியைப் பிரதிநிதியாக ஏற்றுக்கொண்டது, அவளுடைய ஸ்கூல் பஸ் கோரிக்கையும் தீர்மானமாகி மேலிடத்துக்குப் போனது. விசாலாக்ஷியின் மூளையைப் பற்றிச் சபரி இன்றைக்கும் வாய் ஓயாமல் பேசுவான். ஆனால் முதல் நாள், வெள்ளிக்கிழமை ராத்திரி பந்தி முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் நடந்ததுதான் அவன் மனதில் நின்றது.

புஷ்பவல்லி கோபாலசாமியின் முன்னால் வந்து நின்றாள். ஆனால் பக்கத்தில் நின்ற விசாலாக்ஷியிடம்தான் பேச்சைத் தொடங்கினாள்.

“துரோகி யாருன்னு கேட்டு உங்ககிட்ட வந்தேன் அக்கா. கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டீங்க. நான்தான். இந்த ஊர்ல எனக்கு முதல் முதலா கடனுக்கு அரிசி கொடுத்த மனுஷனை, ஒரு போர்டு பர்மிட்டை வெச்சு எடை போட்டுட்டேன். அண்ணா, என்னை மன்னிச்சிருங்க.”

ராமாத்தாள் கோபாலசாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பத்து நாளா கடைக்கு யாரும் வரலை. நீயும் வரலை புஷ்பா,” என்றார் அவர் மெதுவாக. “அதை நாளைக்கே மறந்துருவேன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு மனசு அப்படி இல்லை.”

புஷ்பவல்லி அழுதுகொண்டே தலையாட்டினாள்.

“மாநாட்டு மண்டபம் டால்வே ரோட்டுல போனாலே முக்கால் மணி நேரம். உன்ற காரை நம்ப முடியாது,” என்றார் கோபாலசாமி. “நாளைக்குக் காலைல என்ற வேன் ஆறு மணிக்கு உன்ற வாசல்ல நிக்கும். டாக்டரையும் ஏத்திக்கலாம். லேட் பண்ணாம வந்துரு.”