மொட்டை மாடியில் ஒரு சாட்சி

செல்போன் அடித்தபோது அவள் ஏணியின் உச்சியில் இருந்தாள்.

வாயில் ஸ்க்ரூ டிரைவர். இரண்டு கையிலும் கிரீஸ்.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது முறை எடுத்தாள்.

"ஏசி மெக்கானிக்கா?"

"ஆமா. யாரு?"

"இன்ஸ்பெக்டர். போன வாரம் ஒரு நாலு மாடிக் கட்டடத்துல புது மெஷின் மாட்டினே இல்ல?"

"மாட்டினேன். என்ன சார், குளிரலையா?"

"நல்லாவே குளிருது. கட்டட ஓனர் ஜில்லுனு கிடக்கார். உன் மெஷின்லேருந்து கேஸ் லீக். ஆள் காலி. உடனே வா. வரும்போது ஒரு மாத்துத் துணியும் எடுத்துக்க."

 அவள் ஏணியிலிருந்து இறங்கினாள்.

அலட்சியத்தால் மரணம்... லைசென்ஸ் போகும். ஜெயில் நிச்சயம். பதினேழு வருடமாக ஏணியில் ஏறிச் சேர்த்த பெயர், ஒரே போனில் தரைக்கு வந்துவிட்டது.

மாத்துத் துணியை எடுக்கவில்லை. டூல் பையை எடுத்தாள்.

முதல் மாடி. ஓனரின் ஆபீஸ் அறை.

சோபாவில் வெள்ளைத் துணி போர்த்திய உடல். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அப்படியும் சமையல் கேஸ் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

அவள் வாசலிலேயே நின்றாள். இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

நெற்றி சுருங்கியது.

"வந்துட்டாளா மகராசி?" என்றது ஒரு குரல். "எங்க அண்ணனை முழுங்கிட்டு ஏப்பம் விட வந்திருக்கா!"

செத்தவரின் தம்பி.

தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'நிபுணர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் அவரேதான். முப்பது வருடமாகப் பழைய ரக ஏசியும் பழைய ரக கேஸும் விற்பவர். போன வாரம் வரை அண்ணனின் நாலு கட்டடங்களும் அவருடைய சரக்கில்தான் ஓடின. சட்டைப் பையில் மூன்று பேனா. ஒன்றாவது எழுதி யாரும் பார்த்ததில்லை.

அவள் மாட்டிய புது மெஷினுக்குள் ஓடுவது ப்ரொப்பேன். பூமியே நமக்குக் கொடுத்தது; வெளியே கசிந்தாலும் பழைய ரக கேஸ் மாதிரி பூமியைச் சுட்டுப் பொசுக்காதது. கோடையில் வீட்டைக் குளிர வைக்கும், குளிர்காலத்தில் சூடாக்கும். நிபுணர் அதைத் திட்டாத மேடை கிடையாது. "சிலிண்டரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கற மாதிரி!" என்பார். கைதட்டல் பறக்கும்.

அப்படி ஒரு மெஷினின் மூடியைக்கூட அவர் கழற்றிப் பார்த்தவரில்லை. பார்த்துவிட்டால் திட்டுவது கஷ்டமாகிவிடுமே!

"சார்," என்றாள் இன்ஸ்பெக்டரிடம், "என்ன நடந்துச்சுன்னு நானும் தெரிஞ்சுக்கலாமா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே? அதான் மூக்குக்கே தெரியுதே," என்றார் இன்ஸ்பெக்டர். தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதையே பெரிய வேலையாக நினைப்பவர். மதியச் சாப்பாட்டுக்குள் வழக்கை முடித்துவிடும் அவசரம் அவர் முகத்தில் தெரிந்தது. "சரி, நிபுணர் சார்... இன்னொரு தடவை சொல்லுங்க. இவளும் கேட்டுக்கட்டும்."

நிபுணர் தொண்டையைச் செருமினார். மேடைப் பழக்கம்.

"காலைல ஒன்பது மணிக்கு அண்ணனைப் பாக்க வந்தேன். கதவைத் திறந்தா குப்புனு கேஸ் நாத்தம். அண்ணன் சோபாவுல சாஞ்சு கிடக்கார். மூச்சு இல்ல. அதோ, அந்தக் குழாய் நட்டுலேருந்து உஸ்ஸுனு கேஸ் பீச்சிக்கிட்டு இருக்கு. கார்லேருந்து ஸ்பேனரை எடுத்துட்டு ஓடி வந்து, உயிரைப் பணயம் வெச்சு, நான்தான் நட்டை முறுக்கி நிறுத்தினேன். இல்லன்னா கட்டடமே பறந்திருக்கும்."

அவள் குழாயைப் பார்த்தாள்.

சுவரில் வெள்ளைப் பெட்டி. அதற்குக் கறுப்பு நுரை சுற்றிய இரண்டு குழாய்கள். நேர் கீழே தரைவிரிப்பு. அதன்மேல் பழைய செய்தித்தாள் அடுக்கு.

குனிந்து மேல் தாளை விரலால் தட்டினாள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இப்போது வாயைத் திறந்தால் போச்சு. முப்பது வருடமாக மாற்றிப் பேசியே பிழைத்த வாய் நிபுணருடையது. இதையும் மாற்றிவிடும்.

"எந்த நட்டு சார்?" என்றாள் பணிவாக. "தொட்டுக் காட்டுங்களேன்."

நிபுணர் தொட்டார். "இது."

"இதுலேருந்துதான் பீச்சி அடிச்சுதா? நிச்சயமா?"

"என் முகத்துலயே அடிச்சுது. இதைவிட என்ன நிச்சயம் வேணும் உனக்கு?"

"எவ்வளவு நேரம்?"

"நான் ஸ்பேனர் எடுக்கப் போய்ட்டு வர்ற வரைக்கும். பத்து நிமிஷம் இருக்கும். ஏம்மா, நீ என்ன வக்கீலா?"

"இல்ல சார். வெறும் மெக்கானிக்." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "எழுதியாச்சுன்னா இவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடுங்க சார். அப்புறம் என்னைக் கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டருக்கு இது பிடித்திருந்தது. குற்றவாளியே இவ்வளவு ஒத்துழைத்து அவர் பார்த்ததில்லை.

நிபுணர் முதல் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. இரண்டாவது... உதறினார். மூன்றாவது...

அவள் தன் பேனாவை நீட்டினாள்.

கையெழுத்து விழுந்தது. பெரிய கையெழுத்து, கீழே இரண்டு கோடு வேறு.

"இப்ப அந்த நட்டைத் திறந்து காட்டறேன்," என்று ஸ்பேனரை எடுத்தாள்.

"ஐயோ! நிறுத்துங்க அவளை!" நிபுணர் ஒரே பாய்ச்சலில் வராந்தாவில் நின்றார். "எல்லாரும் சாகப் போறீங்க!"

இன்ஸ்பெக்டர் ஓட நினைத்தார். தொப்பை ஒத்துழைக்கவில்லை.

அவள் நட்டைத் திருகினாள்.

கால் சுற்று. அரைச் சுற்று...

பீச்சி அடித்தது!

தண்ணீர்.

சுத்தமான, குளிர்ந்த தண்ணீர். செய்தித்தாள் அடுக்கு தொப்பலாகியது. தரைவிரிப்பு ஊறியது. இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் இரண்டும் நிரம்பின.

அவள் நட்டை முறுக்கி நிறுத்தினாள்.

"இந்த மெஷின்ல கேஸ் வீட்டுக்குள்ளேயே வராது சார். மொட்டை மாடில இருக்கற பெட்டியோட நின்னுடும். அது அங்க தண்ணியைக் குளிர வைக்கும். கீழ வர்றது அந்தத் தண்ணி மட்டும்தான். இவர் சொன்ன மாதிரி பத்து நிமிஷம் பீச்சியிருந்தா, இந்நேரம் ஐயா சோபாவோட மிதந்திருப்பார். பேப்பர் எப்படி அப்பளமா காஞ்சு கிடந்துச்சு?"



"அப்... அப்ப அந்த நாத்தம்?" இன்ஸ்பெக்டர் திணறினார். "கீழ் வீட்டுக்காரங்களுக்கே அடிச்சுதாமே."

"அதான் சார் எனக்கு முதல்ல உதைச்சுது. சமையல் கேஸுக்குச் சொந்தமா நாத்தம் கிடையாது. லீக் ஆனா தெரியணும்னு தனியா கலக்கறாங்க. மெஷினுக்கு நிரப்பற ப்ரொப்பேன்ல அதைக் கலக்க மாட்டாங்க. மாடிப் பெட்டி முழுசா லீக் ஆனாக்கூட மூக்குக்குத் தெரியாது, மீட்டருக்குத்தான் தெரியும். மாடிக்கு வாங்க, அளந்து காட்டறேன். ஒரு கிராம் குறைஞ்சிருந்தா விலங்கை நானே மாட்டிக்கறேன்."

மூலையில் உட்கார்ந்திருந்த பெண்மணி மெல்லத் தலையைத் தூக்கினாள். செத்தவரின் மனைவி. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"இந்தக் கட்டடத்துல யார் வீட்லயும் சமையல் கேஸே கிடையாதே," என்றாள். "எல்லாருக்கும் கரண்ட் அடுப்புதான்."

"அண்ணி, நீங்க சும்மா இருங்க..."

"நேத்து சாயங்காலம் உங்க அண்ணன் என்ன சொன்னார் தம்பி? அடுத்த மாசத்துலேருந்து நாலு கட்டடத்துலயும் புது மெஷின்தான், உன் சரக்கு வேணாம்னு சொன்னார். நீங்க கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனீங்க. நான்தான் பாத்தேனே." அவள் குரல் உடைந்தது. "உங்களுக்கு நான் கையால சோறு போட்டிருக்கேன்."

"சார்," என்றாள் மெக்கானிக், "இவர் காரையும் ஒரு தடவை பாத்துடுங்க. செம்புக் குழாயைச் சூடாக்கி ஒட்ட நாங்க எல்லாரும் ஒரு குட்டி சிலிண்டர் வெச்சிருப்போம். அதுல இருக்கறது நாத்தம் கலந்த கேஸ்தான்."

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் ஓடினார். நாலு நிமிடத்தில் திரும்பி வந்தார். கையில் குட்டி சிலிண்டர். குலுக்கிக் காட்டினார். காலி.

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். "மூக்குல பஞ்சு இழை இருக்குன்னு டாக்டர் காலைலயே சொன்னார். சோபா குஷனை முகத்துல வெச்சு அமுக்கியிருக்கணும்... நான்தான் காதுல வாங்கிக்கல."

"நீங்க எதைத்தான் வாங்கிக்கிட்டீங்க," என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கினாள். விலங்கு இன்னும் அவர் இடுப்பில்தான் தொங்கியது.

நிபுணரைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணனையும் முடிச்சு, மெஷின் பேரையும் கெடுக்கலாம்னு பாத்தீங்க. இத்தனை மேடைல இதைத் திட்டினீங்களே சார். ஒரு நாளாவது ஒரு மூடியைக் கழட்டிப் பாத்திருந்தா, இன்னிக்கு நான்தானே உள்ள போயிருப்பேன்?"

 முப்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வாய் மூடியிருந்தது.

மொட்டை மாடிப் பெட்டியில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை என்று அளந்து பார்த்த பிறகு, நிபுணரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

அவள் டூல் பையை மூடிக்கொண்டு படியிறங்கினாள். கீழே இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா... இது தண்ணிதானே? கெமிக்கல் எதுவும் இல்லையே? கால் அரிக்கற மாதிரி இருக்கு."

அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"சந்தேகமா இருந்தா ஜீப்புல ஒரு நிபுணர் இருக்கார் சார். கேட்டுக்குங்க!"