முன் இருக்கைக்காரன்

அந்தக் கைகளைத்தான் ரேலினுக்கு முதலில் பிடிக்கவில்லை.

புதிதாகப் படகேறுகிறவன் துடுப்பைத் துடைப்பம் மாதிரிப் பிடிப்பான். இவனோ மேல்முனையை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பாட்டிலைக்கூட மறக்காமல் படகோடு கட்டிவிட்டான். கற்றுக்கொள்ள வந்தவன் எவன் அதைச் செய்கிறான்?

காலையில் அவளிடம் படகோட்டக் கற்கப் பேர் பதிந்தவர்களில் ஒரே ஓர் ஆள் குறைய, கடைசியாக வந்து நின்றவன் இவன். லைஃப் ஜாக்கெட்டை அவன்மேல் எறிந்து, தாமதத்துக்கு நாலு வார்த்தை திட்டி, தன் படகிலேயே முன்னால் உட்காரவைத்தாள். அவன் வாயே திறக்கவில்லை. இப்போது அதுவும் உறுத்தியது…

போன கோடையில் இப்படித்தான் ஒருத்தன் அப்பாவி வேஷம் கட்டி வந்தான். போட்டிக் கம்பெனி ஆள். அவன் கொடுத்த புகாரில் உரிமம் மயிரிழையில் தப்பியது. இன்னொன்று வந்தால் சான் ஹுவான் ஆற்றில் அவள் படகு விட முடியாது.

"முன்னாடி துடுப்பு பிடிச்சிருக்கீங்களா?"

"கொஞ்சம்…" திரும்பிச் சிரித்தான். வெயிலுக்குச் சுருங்கிய பழுப்புக் கண்கள். ஒற்றனுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்கள்? எரிச்சல் அவன்மேலா தன்மேலா என்று அவளுக்கே புரியவில்லை.

செம்பாறைகளுக்கு நடுவே ஆறு சாதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அடிமணல் நகர்ந்தால் ஒன்றுமில்லாத இடத்தில் வரிசையாக அலை கிளம்பும் ஆறு அது. கிளம்பியது. ரேலின் பார்க்கவில்லை. அவன் பார்த்தான். அவள் வாய் திறப்பதற்குள் முன்பக்கத்தை ஒரே இழுப்பில் ஒதுக்கிவிட்டான். பின்னால் வந்த படகுகளும் அதே வழியில் தப்பின.

மணல்திட்டில் மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, அவனைத் தனியே நிறுத்தினாள்.

"யாரு அனுப்புனா உங்கள?"

"யாரும் அனுப்பல. என் பேரு வெஸ்லி. சொந்தப் படகுல தனியாப் போகலாம்னு வந்தேன். என் வண்டிய பயணம் முடியுற துறைக்கு ஓட்டிட்டு வந்து விட ஆள் கிடைக்குமான்னு கேக்கத்தான் உங்ககிட்ட வந்தேன். அதுக்குள்ள ஜாக்கெட்ட எறிஞ்சிட்டீங்க."

"நீங்க தேடுற ஆள் நான் இல்லன்னு சொல்றதுதானே?"

"சொல்லத்தான் நெனச்சேன்… உங்க முகத்தப் பாத்ததும் மனசு வரல."

நல்லாத்தான் ஜோடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். மிச்ச தூரம் முழுக்க அவனை அதட்டியே வேலை வாங்கினாள்.

சாயங்காலம் வேனில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட துறைக்கே திரும்பினாள். அங்கே ஓரமாக ஒரு பழைய வண்டி. கூரைமேல் பச்சைப் படகு, காலையில் கட்டிய கட்டு அவிழாமல். ஒற்றன் எவனும் இப்படிக் கீறல் விழுந்த படகைச் சுமந்துகொண்டு வரமாட்டான். ரேலினுக்குக் காதுவரை சூடேறியது. ஒரு நாள் முழுக்க ஒரு நல்லவனைத் திருடனாகப் பார்த்திருக்கிறாள்.

மற்றவர்கள் கலைந்த பிறகு அவனிடம் வந்தாள்.

"நாளைக்கு வண்டி ஓட்ட ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன்."

"நீங்க ஓட்டலையா?"

"நான் படகுல வரேன். பின்னாடி சீட்டு எனக்கு. நீ முன்னாடியே உக்காரு."

'நீங்க' காணாமல் போனதை அவன் கவனித்துவிட்டான். சிரித்தான்.

"வெஸ்லி… அந்த அலைய நான் ஏன் பாக்கலன்னு நீ கேக்கவே இல்லையே?"

"ஏன் பாக்கல?"

"உன்னப் பாத்துட்டிருந்தேன்."