உடைந்த ஷ்டோலன்

பதினேழு நாட்கள், நான்கு மணி நேரம்.

லைப்சிக் ஆஸ்பத்திரியில் அம்மா கண்ணை மூடி அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. சொந்த மலையூரான அன்னாபெர்க்கில் ஒருவருக்கும் தெரியாது. மறைக்க வேண்டும் என்று ஹென்ரிகே நினைக்கவில்லை... வாயைத் திறந்தால் அந்தச் சொல் மட்டும் வரவில்லை. அஸ்தியை ஊருக்குக் கொண்டுவரும் நாளையும் தள்ளிக்கொண்டே போனாள்.

சமையலறையில் அம்மா ரம்மில் ஊறவைத்துவிட்டுப் போன உலர்திராட்சை ஜாடி இருந்தது. மேலே ஒட்டிய தாளில் அம்மாவின் கையெழுத்து. 'அக்டோபர் 2. திருடித் தின்னாதே, ஹென்ரிகே.'

அதைக் கொட்டித்தான் ஷ்டோலனுக்கு, வாரக்கணக்கில் கெடாத அந்தக் கிறிஸ்துமஸ் பழரொட்டிக்கு, மாவு பிசைந்தாள். இருபத்தேழு வயதில் முதல்முறையாகத் தனியாக.

பிசைந்த மாவை உல்மன் பேக்கரியில் கொடுத்தாள். இன்னும் சில வீடுகளில் அதுதான் பழக்கம். வீட்டில் பிசைவார்கள், பேக்கரி அடுப்பில் சுடுவார்கள். ரொட்டி மாறிப் போகாமலிருக்க மாவில் ஒரு பெயர்த்தகடு குத்தியிருக்கும். அம்மாவின் தகடு தேய்ந்துபோன தகரம். எம். சைஃபர்ட். எம் என்றால் மார்கிட்.

"அம்மா எப்படி இருக்காங்க கண்ணு?" என்றாள் கடைக்காரி உல்மன்.

"அப்படியேதான்..."

மறுநாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. உல்மன் எடுத்துக் கொடுத்த ஷ்டோலனில் எம். சைஃபர்ட் என்றுதான் இருந்தது. ஆனால் தகடு பளபளக்கும் பித்தளை!

"இது எங்களோடது இல்லையே."

"அடக் கடவுளே! கூரை போடுற சைஃபர்ட் வீட்டுப் புள்ள மாத்தி எடுத்துட்டுப் போயிட்டான். அவங்கப்பா மான்ஃபிரெட்... அவரும் எம்தான்."

ஹென்ரிகே கதவை நோக்கி ஓடினாள். அதே நேரம் கதவு திறந்தது. நனைந்த மேல்கோட்டு ஒன்று அவள் மேல் மோதியது.

"பார்த்து வரக் கூடாதா?"

"வாசலை மறிச்சு நின்னுக்கிட்டு எனக்குப் பாடமா?"

சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்தான். இமைகளில் மழைத்துளி... நனைந்த சிலேட்டுக் கூரையின் சாம்பல் நிறத்தில் கண்கள். அந்தக் கண்கள் அவள் கையிலிருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்தன. சட்டென்று தணிந்தன.

"அந்த இன்னொரு எம். சைஃபர்ட்... நீங்கதானா?"

"எங்கம்மா. எங்க ஷ்டோலன் எங்கே?"

கோட்டுக்குள் அணைத்திருந்த துணியைத் தயங்கித் தயங்கிப் பிரித்தான். நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

"சர்ச் இறக்கத்துல... கால் வழுக்கிடுச்சு."

"கூரை மேல நடக்கிறவருக்குத் தரையில நடக்கத் தெரியாதாக்கும்!"

உல்மன் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மலையூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஷ்டோலன் உடைந்தால் வருஷம் திரும்புவதற்குள் அந்த வீட்டில் ஒரு சாவு.

உல்மன் அவன் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். ஆஸ்பத்திரி என்பது மட்டும் ஹென்ரிகேவுக்குக் கேட்டது. அவன் முகம் வெளுத்தது.

"எங்களோடதை நீங்க எடுத்துக்கோங்க. அது முழுசா இருக்கு. உடைஞ்சது எங்க வீட்டுல இருக்கட்டும்... ப்ளீஸ்."

"எனக்கு என்னோடதுதான் வேணும்."

உடைந்த இடத்தில் அம்மாவின் திராட்சைகள் தெரிந்தன. இரண்டு துண்டுகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள்.

மூன்றாம் நாள் அவள் வீட்டுக் கூரையில் ஏணி சாய்ந்திருந்தது. மேலே அவன்.

"நான் யாரையும் கூப்பிடலையே?"

"நீங்க கூப்பிடலை. உங்க ஓடு கூப்பிட்டுச்சு. நாலு உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சதா, நீங்க உடைச்சதா?"

மேலே சிரிப்புச் சத்தம். பிறகு குரல் இறங்கியது. "அம்மா எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான்..."

அவன் பெயர் ஃபால்க். ஓடு முடிந்ததும் மழைநீர்க் குழாய். அது முடிந்ததும் கதவுக் கீல். டிசம்பரின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை 'நீங்க' போய் 'நீ' வந்தது. வாய்ப்பேச்சு எப்படிப் போனாலும், போகும்போது அதே கேள்வி. அதே பதில்.

தெருவில் எல்லா ஜன்னலிலும் வளைவான மெழுகுவத்தி விளக்கு எரிந்தது. அவள் ஜன்னல் மட்டும் இருட்டு. அந்த விளக்கை வைப்பது அம்மாவின் வேலை. ஒரு மாலை ஃபால்க் பரணில் ஏறி அதை எடுத்து, தூசி துடைத்து, ஜன்னலில் வைத்தான்.

"அம்மா வர்றப்போ வீடு இருட்டா இருக்கக் கூடாது, இல்ல?"

ஹென்ரிகே சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். சொல்லிவிடலாம்... சொன்னால்? கேள்வி முடிந்துவிடும். கேட்க வருகிறவனும் வராமல் போய்விடுவான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. அம்மா போய் ஐம்பத்தாறாவது நாள்.

ஷ்டோலனின் இரண்டு பாதிகளையும் தட்டில் சேர்த்து வைத்து, விரிசல் தெரியாமல் சர்க்கரைப்பொடி தூவியிருந்தாள். ஃபால்க் அதைப் பார்த்தபடி நின்றான். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"தூங்குறதே இல்லையா நீ?"

"எப்படித் தூங்குறது?" அவன் குரல் கரகரத்தது. "வழுக்கினது என் கால். சாவு வர்றதுன்னா என் வீட்டுக்கு வரட்டும், அவங்களை விட்டுடுன்னு கடவுள்கிட்ட தினமும் கேக்கறேன். அவங்க நல்லபடியா வந்ததும் முதல்ல மன்னிப்புக் கேக்கணும். அப்புறம்..."

"அப்புறம்?"

"அவங்ககிட்ட உன்னைக் கேக்கணும்."

அவள் நிமிரவில்லை. ஜன்னல் விளக்கின் வெளிச்சம் சர்க்கரைப்பொடி மேல் நடுங்கியது.

"உன்னைப் பிடிச்சிருக்கு ஹென்ரிகே. அன்னைக்கு நீ என்னைத் திட்டினப்பவே..."

பேசாமலிருந்தால் போதும். நாளையும் வருவான். நாளையும் கேட்பான். தூங்காமல், செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு...

விரிசலில் விரல் வைத்து இரண்டு பாதிகளையும் பிரித்தாள். ஒன்றை அவன் கையில் கொடுத்தாள்.

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. அதனாலதான் சொல்றேன்... இது உன்னால இல்ல, ஃபால்க். நீ விழுந்தப்போ பதினெட்டு நாள் ஆகியிருந்துச்சு."

"என்ன பதினெட்டு நாள்?"

அவள் வாயைத் திறந்தாள். இந்த முறை சொல் வந்தது.

"எங்கம்மா செத்துப் போய்."