துரை யாருக்கு வழி விட்டது?

வேன் வந்து நின்றபோது மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வாசலுக்குப் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். வருகிறவர்களை எழுந்துபோய் வரவேற்பது அவர் வழக்கமில்லை. வேண்டுமானால் வந்து மணி அடிக்கட்டும்.

அவர் நாய்ப் பயிற்சியாளர். அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே விதமான ஆட்கள். நாய் வளர்க்கத் தெரியாதவர்கள் ஒரு விதம். தெரியாது என்பதும் தெரியாதவர்கள் இன்னொரு விதம். மூன்றாவது விதத்தில் ஒரே ஒருவர் உண்டு. அவரை மாஸ்டர் தினமும் காலையில் ஷேவிங் கண்ணாடியில் பார்ப்பார்.

வேனிலிருந்து நாய்க் காப்பகத்து அம்மாள் இறங்கினார். மாஸ்டர் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘கண்ணீர் டேங்கர்’. நாயைப் பார்த்தால் அழுவார். நாய் இல்லாத கூண்டைப் பார்த்தாலும் அழுவார். இப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் பின்கதவைத் திறந்தார்.

உள்ளேயிருந்து ஒரு பெண்நாய் இறங்கியது. சாம்பல் நிறம், ஒட்டிய வயிறு, வாலைக் காலுக்கிடையில் சுருட்டி வைத்திருந்தது. இறங்கியதும் ஒரு பக்கமாக ஒதுங்கி, தலை குனிந்து நின்றது. பின்னால் இன்னும் யாரோ இறங்க வேண்டியிருப்பதுபோல.

“ஒட்டடை” என்றார் மாஸ்டர், ஜன்னலுக்குள்ளிருந்தே. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் அதன் பெயர்.

நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை ஒட்டடையை இங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபாஸ்டர் என்று அதற்கு நாகரிகமாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். மாஸ்டர் இதற்குச் சம்மதித்தது இரக்கத்தால் இல்லை. இரக்கம், அவர் அகராதியில், வேலை தெரியாதவனின் சாக்கு. ஒட்டடையைப் பல வீடுகள் திருப்பி அனுப்பியிருந்தன. எந்த வீட்டு நாயும் அதை ஏற்கவில்லையாம். ஊரே தோற்ற இடத்தில் தான் ஜெயித்துக் காட்டினால், அதை வீடியோ எடுத்துப் போட்டால், எத்தனை பேர் முகத்தில் கரியைப் பூசலாம். அந்த ஆசைதான்.

மணி அடித்துக் கதவு திறந்ததும், டேங்கர் அம்மாள் நாயின் கயிற்றையும், மடித்த கம்பளிப் போர்வை ஒன்றையும் நீட்டினார். “இவ ஒண்ணும் பண்ண மாட்டா சார். வாயே திறக்க மாட்டா. அந்தந்த வீட்டு நாய்ங்கதான் குரைக்கிறதை நிறுத்தவே இல்லையாம்.”

“குரைக்கிறதை நிறுத்தத் தெரியாதவங்க எதுக்கு நாய் வளர்க்கணும்? கிளி வளர்க்கலாமே.”

அம்மாள் தயங்கினார். “இவளைப் பார்த்துக் குரைக்கலையாம் சார். இவளுக்குப் பின்னாடி பார்த்துக் குரைச்சுதாம்.”

“நாய்க்குப் பின்னாடி வால்தாம்மா இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் மாஸ்டர்.

வீட்டு நாயின் பெயர் துரை. கரும்பாறை ஒன்றுக்கு நாலு கால் முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். மைதானத்தில் கயிறில்லாமல் நிற்கும். மூக்குக்கு நேரே பூனை போனாலும், மாஸ்டர் வாயிலிருந்து சொல் வரும்வரை கண்ணிமைக்காது. அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் தங்கள் நாய்களை அவரிடம் ஒப்படைத்தார்கள். துரை இல்லாவிட்டால் மாஸ்டர் வெறும் ஆள். அது அவருக்கும் தெரியும். மனைவியிடம்கூட முகம் கொடுத்துப் பேசாத அந்த மனுஷன், காலையில் ஷூ மாட்டும்போது துரையின் காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுப்பார். துரை அவர் காலில் சாய்ந்து நிற்கும், முழு எடையையும் போட்டு. அந்த ஒரு நிமிஷம்தான் அவருக்கு அன்றைய சாப்பாடு.

இரண்டு நாய்களை வீட்டுக்குள் வைத்து முதலில் சந்திக்க விடக்கூடாது, பொதுவான இடத்தில்தான் பழக்க வேண்டும் என்பது பாலபாடம். வீட்டுக்குப் பின்னாலிருந்த தெருவில், இந்த ஓரத்தில் துரையுடன் மாஸ்டர், அந்த ஓரத்தில் ஒட்டடையுடன் அவர் மனைவி. ஒரே திசையில், ஒரே வேகத்தில் நடந்தார்கள்.

துரையின் முதுகு ரோமம் குத்திட்டு நின்றது. தொண்டைக்குள் உறுமல் உருண்டது.

அது ஒட்டடையைப் பார்க்கவில்லை.

ஒட்டடைக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில், வெறும் காற்றைப் பார்த்தது. நடக்க நடக்க அதன் பார்வையும் கூடவே நகர்ந்தது.

மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். யார் எதைப் பார்க்கிறார்கள் என்பது அவர் தொழில். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே சொன்னார். “என்னங்க, அது இவளைப் பார்க்கல. எனக்குப் பின்னாடி யாரையோ பார்க்குது.”

மாஸ்டர் துரையின் வாயையே கவனித்துக்கொண்டு நடந்தார். துரை மூச்சு வாங்குவதற்காக உறுமலை விட்ட அந்தக் கணத்தில், இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டு ஈரலை எடுத்து அதன் வாயில் போட்டார். “சபாஷ்.” அவர் வித்தை முழுவதும் அதில்தான் இருந்தது. குரைத்தால் ஒன்றுமில்லை. வாயை மூடினால் ஈரல். எந்த நாயும் வழிக்கு வரும்.

அடுத்த படி, வாசனை மாற்றம். புது நாயின் துணியைப் பழைய நாயின் படுக்கையில் போட வேண்டும். மாஸ்டர் அந்தக் கம்பளிப் போர்வையை உதறினார். இருமல் மருந்து வாடை அடித்தது. இனிப்பாக, பிசுபிசுப்பாக, யாரோ இப்போதுதான் குடித்துவிட்டு முகத்துக்கு நேரே மூச்சு விட்டதுபோல.

துவைத்துப் போடலாமே என்றார் மனைவி. துவைத்தால் வாசனை போய்விடும், இதுகூடத் தெரியாதா என்று மாஸ்டர் தன் கையாலேயே அதைக் கொண்டுபோய்த் துரையின் படுக்கையில் விரித்தார்.

அன்று பகல் முழுவதும் துரை குரைத்தது. நடைவழியின் நடுவில் கால்களை ஊன்றி, ஒட்டடையை விட்டிருந்த அறையின் வாசலை மறித்துக்கொண்டு, அண்ணாந்து குரைத்தது. ஒட்டடையோ வாசலில் வைத்த தடுப்புக்கு அந்தப் பக்கம் மூலையில் சுருண்டு கிடந்தது. துரை குரைக்கக் குரைக்க அதன் சுருட்டிய வால் மெல்லத் தளர்ந்தது. யாரோ தனக்காகப் பேசுவதைக் கேட்பதுபோல.

மாஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஈரல் கிண்ணம் மடியில். அவர் பொறுமைக்கு எல்லை கிடையாது, மனிதர்கள் விஷயத்தைத் தவிர. துரை நிறுத்தியபோதெல்லாம் ஈரல். சபாஷ். மீண்டும் குரைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். துரை குரைப்பதும், திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பதும், கெஞ்சுவதுபோல முனகுவதுமாக இருந்தது. ஒருமுறை அவர் சட்டைக் கையைப் பல்லால் பிடித்து வாசல் பக்கம் இழுத்தது. அதற்கும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சில நாட்களில் துரை குரைப்பதை விட்டது. பிறகு உறுமுவதையும்.

மாஸ்டர் அன்று வீடியோவில் பேசினார். இதைச் செய்ய முடியாமல் நாயைத் திருப்பி அனுப்பிய மகானுபாவர்கள் எல்லாரும் தயவுசெய்து மீன்தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பின்னால் துரை அமைதியாக நின்றது. கேமராவைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில், மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் வீடு மாறியது.

துரை நடைவழியில் குறுக்கே படுத்திருக்கும். திடீரென்று எழுந்து சுவரோரம் ஒதுங்கும். சற்று நேரம் நின்றுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து படுக்கும். மனைவி இதைச் சமையலறையிலிருந்து பார்த்தார். மறுநாளும் பார்த்தார்.

ஒதுங்கி வழி விடுகிறது.

யாரும் நடக்காத நடைவழியில்.

காய்ந்த வெயிலில் வீடெல்லாம் இருமல் மருந்து வாடை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமுவார்கள். போய்ப் பார்த்தால், வெறும் அறை.

மனைவி டேங்கர் அம்மாளுக்கு போன் செய்து விசாரித்தார். ஒட்டடையின் பழைய எஜமான் தனிக்கட்டையாம். ஓயாத இருமல்காரராம். ரொம்பக் கண்டிப்பாம். ஒட்டடை ஒரு சத்தம் போட்டால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாதாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தாராம். கதவை உடைத்து உள்ளே போனபோது நாய் அவர் காலடியிலேயே இருந்ததாம். தப்பித்துப் போகப் பின்கதவு திறந்துதான் இருந்ததாம். போகவில்லையாம், எழுந்திரு என்று அவர் சொல்லவில்லை அல்லவா.

அன்று மாலை மனைவி கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

“மத்த வீட்டு நாய்ங்க எல்லாம் அந்தாளை உள்ள விடாம துரத்திக்கிட்டே இருந்திருக்குங்க. நம்ம துரையும் அதைத்தான் பண்ணுச்சு. நீங்க ஈரலைப் போட்டுப் போட்டு அது வாயை அடைச்சிட்டீங்க.”

மாஸ்டர் சிரித்தார். “கண்ணு டெஸ்ட் பண்ணிப் பண்ணி இல்லாததெல்லாம் தெரிய ஆரம்பிச்சிடுச்சு உனக்கு. முதல்ல உனக்கு ஒரு கண்ணாடி போடு.”

ஆனால் மறுநாள் காலை அவர் ஷூ மாட்டும்போது துரை வரவில்லை. கூப்பிட்டார். வந்தது. எட்டி நின்றது. அவர் காதோரம் குனிந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவர் அதை மனைவியிடம் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? ஊரில் ஒருத்தனையாவது மதித்து வைத்திருந்தால்தானே.

ஒட்டடைக்கு வீடு கிடைத்தது. ஒரு தையல்காரரும் அவர் தங்கையும் வந்தார்கள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. மாஸ்டர் வழக்கம்போல அவர்களுக்கு ஒரு பாட்டம் அறிவுரை சொல்லி, அவர்கள் கயிறு பிடிக்கும் அழகைக் கேலி செய்து, நாயை ஒப்படைத்தார்.

ஒட்டடை வாசலைத் தாண்டியது. நின்றது. ஒருமுறை திரும்பி வீட்டுக்குள் பார்த்தது. பிறகு துள்ளியது. நாலு காலும் தரையில் படாமல் துள்ளியது. இத்தனை நாளில் முதன்முறையாகக் குரைத்தது. குட்டியைப்போலக் குரைத்துக்கொண்டே தெருவில் ஓடியது. தையல்காரரின் தங்கை சிரித்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

மனைவி கேட்டருகே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

“அவ மட்டும்தாங்க போறா” என்றார் மெதுவாக.

மாஸ்டர் உள்ளே போனார். விளக்கைப் போடவில்லை. கூடத்தில் மிச்ச வெளிச்சம் தரையில் அழுக்குத் தண்ணீரைப்போலக் கிடந்தது.

“துரை.”

வாசலருகிலேயே நின்று பார்த்தார்.

துரை கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது. நேராக இல்லை, சாய்ந்து. அவர் காலில் சாய்வதைப்போலவே, முழு எடையையும் ஒரு பக்கமாகப் போட்டு. அப்படிச் சாய்ந்தால் எந்த நாயும் கீழே விழுந்துவிடும்.

துரை விழவில்லை.

அதன் விலா ஓரத்தில் ரோமம் அமுங்கியிருந்தது.

பழக்கதோஷத்தில் மாஸ்டரின் கை இடுப்புப் பைக்குப் போனது. ஈரல் துண்டை எடுத்து நீட்டினார். “வா.”

துரை ஈரலைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மேலே பார்த்தது. காத்திருந்தது. இருட்டில் யாரோ செருமினார்கள். துரையின் காதுகள் தாழ்ந்தன.

அது வரவில்லை.

“குரைடா” என்றார் மாஸ்டர். குரல் அவருடையதுபோலவே இல்லை. “ஒரே ஒரு தடவை குரை, ராஜா. அதைப் பார்த்துக் குரை.”

துரை எழுந்தது. மெல்லத் திரும்பியது. பல் தெரிந்தது. எத்தனையோ நாளாக அந்த வீட்டில் கேட்காத உறுமல், தொண்டையின் அடியிலிருந்து எழுந்தது.

மாஸ்டருக்கு ஒரு கணம் உயிர் வந்தது.

அடுத்த கணம் போயிற்று. உறுமல் அவரை நோக்கி வந்தது.

வீட்டுக்குள் நுழைந்த அந்நியனைப் பார்ப்பதுபோல அது அவரைப் பார்த்தது. அதில் கோபம்கூட இல்லை. வெறும் இளக்காரம். நாய் வளர்க்கத் தெரியாதவனை ஒருவன் பார்க்கும் பார்வை. அவருக்கு அது நன்றாகவே தெரியும்.

அவர் ஓர் அடி பின்வாங்கினார். இன்னோர் அடி. வாசற்படி குதிகாலில் இடித்தது. வெளியே மனைவி அவரைக் கூப்பிடும் குரல் வெகு தூரத்தில் கேட்டது.

அவர் கால் வாசலைத் தாண்டியதும், துரை உறுமலை நிறுத்தியது.

நிறுத்திய மறுகணம், அதன் நெற்றியில் கருப்பு ரோமம் மெல்லப் படிந்தது. நெற்றியிலிருந்து உச்சந்தலைக்கு, உச்சந்தலையிலிருந்து பிடரிக்கு, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு.

துரை சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

ரோமம் எழுந்தது. மறுபடி, நெற்றியிலிருந்து, நிதானமாகப் படிந்தது.