கலங்கிய பை

பைக்கு அடியில் வைத்த பத்திரிகையின் எழுத்துகள் தெரியவில்லை.

சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப்போன குருசுமுத்துவின் வயிற்றுக்குள் குழாயால் மருந்துத் தண்ணீர் விட்டு, கழிவோடு திரும்ப வடித்தெடுப்பது மனைவி அன்ரனிட்டாவின் வேலை. வடிந்த பையினூடாக எழுத்து வாசிக்க முடிந்தால் பயமில்லை. இன்று காலை வடிந்தது கஞ்சித் தண்ணீர்போலக் கலங்கியிருந்தது.

"வயித்துக்குள்ள வெள்ளையணுக்கள் காவல் நிக்குது அண்ணை," என்று யாழ்ப்பாணத்துத் தாதி நிமலினி முன்பே சொல்லியிருந்தாள். "வெளியால இருந்து குழாய் வழியாக் கிருமி வந்தா ஓடிவந்து விழுங்கும். சண்டையில செத்ததுகள் தண்ணியோட வரும். கலங்கினா உடன வாங்கோ. பிந்தினா உயிர் தப்பாது."

"படகுக்குப் போவம்," என்றான் குருசுமுத்து. தீவிலிருந்து ஆசுபத்திரிக்கு வேறு வழியில்லை.

"காத்துக் கடுமை. இண்டைக்குப் படகு ஓடாதாம்," என்றாள் அன்ரனிட்டா, குசினியிலிருந்து. "உங்கட வயித்துக்காகக் கடல் அடங்குமே?"

சிரிக்கப் பார்த்தான். வயிறு விடவில்லை.

காய்ச்சல் ஏற ஏற, கல்வேலிக்கு அப்பால் பனையோலை இரையும் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்துக் கிடந்தான். ஓலை இரையவில்லை, யன்னல் சீலையும் அசையவில்லை, குசினிக்குள் மீன் செதில் சுரண்டும் கத்தியின் சத்தமும் பச்சை வெடுக்கு நாற்றமும் மட்டும் அறைக்குள் ஊறி ஊறி வந்தன. பிறகு இறங்குதுறைப் பக்கம் படகின் இயந்திரம் இரைந்தது. தூரமாகித் தேய்ந்தது. இல்லாமற் போனது.

காற்றே இல்லை.

பையின் அடியில் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்துகொண்டிருந்தது. அவனுக்காகச் செத்ததுகள். அவனுக்குள் வேறு யார் பக்கம் நின்றார்கள்? குழாயைத் தொடுவது ஒருத்திதான். முகமூடி கட்டி, முழங்கைவரை சவர்க்காரம் போட்டு. இத்தனை வருஷமும் நம்பின கை.

கதவுச் சீலை விலகியது. முகமூடி இல்லை.

"அடுத்த தண்ணி விடவேணும்."

"கை கழுவினனீரோ?"

"ஓம். கழுவினனான்."

கையில் தண்ணீரின் ஈரம் இல்லை. நகக்கண்ணில் செதில்.

"அன்ரனிட்டா, படகு போயிட்டுது."

"ஓம். கேட்டனான்."

எழும்பப் பார்த்தான். ஏலவில்லை. அவள் ஒரு கையால் அவன் நெற்றியைத் தடவினாள். பிள்ளையை நித்திரையாக்குவதுபோல.

"நானும் களைச்சுப்போனன்," என்றாள்.

மற்றக் கை குழாயின் மூடியைத் திருகியது. மூடி கழன்றது.

குழாயின் திறந்த வாய். அதன்மேல் செதில் ஒட்டிய அவள் பெருவிரல். அவன் கண்ணையே பார்த்தபடி, அழுத்தி, மெல்ல மெல்ல, தேய்த்துக்கொண்டே இருந்தாள்.